கீழ்க் குமிழ்

மெயினை இறக்கியிருக்கலாம், அதுதான் எனக்கு இடிக்கிறது. ஆயுசு முழுக்கக் கரண்ட் கம்பத்தில் ஏறி இறங்கிய லைன்மேன், ரிடையர் ஆன பிறகும் ஒரு டியூப்லைட் மாற்ற வேண்டுமென்றால் மெயினை இறக்கி, இறக்கிவிட்டோமா என்று இன்னொரு தடவை வந்து பார்த்துவிட்டு, அப்புறம்தான் ஸ்டூலில் கால் வைக்கிறவர், இன்றைக்கு ஏசியின் வயிற்றைத் திறக்கும்போது மட்டும் மெயின் வேண்டாம், ஃபிரிட்ஜில் மாவு புளித்துவிடும் என்கிறார். மாவு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த மனுஷன் மாவைப் பற்றிக் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. தட்டில் தோசை விழுந்தால் சாப்பிடுவார், விழாவிட்டால் ஏன் விழவில்லை என்று தலையைத் தூக்கிப் பார்ப்பார், அவ்வளவுதான் மாவுக்கும் அவருக்கும் உள்ள உறவு. இதில் என்னவோ இருக்கிறது. என்னை இந்த ஸ்விட்ச் போர்டு முன்னால் காவலுக்கு நிறுத்திவிட்டு, ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவரும் போட்ட மஞ்சள் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பெட்ரூம் பால்கனிக் கம்பியைத் தாண்டி சன்ஷேடில் போய் உட்கார்ந்திருக்கிறார். ஏசியின் வெளிப்பெட்டி அங்கேதான் இருக்கிறது. நான் நிற்கிற இடத்திலிருந்து அவர் கண்ணுக்குத் தெரியவில்லை, அவருக்கும் நான் தெரிய மாட்டேன், நடுவில் ஒரு சுவர். பெட்ரூம் கதவையும் பால்கனிக் கதவையும் விரியத் திறந்து போட்டிருப்பதால் குரல் மட்டும் வருகிறது. சித்திரை மாத வெயில் அந்த வழியாகவே உள்ளே வந்து ஹால் வரைக்கும் படுத்துக் கிடக்கிறது.

போர்டில் இரண்டு குமிழ்கள் இருக்கின்றன. இந்த வீட்டுக்கு மூன்று பேஸ் கரண்ட். மதுரையில் வெயில் ஏறினால் ஒரு பேஸ் போகும், இன்னொன்று நிற்கும். போனதிலிருந்து நிற்பதற்குத் திருகி மாற்றிக்கொள்ளத்தான் இந்தக் குமிழ்கள். மேலே இருப்பது விளக்குக்கும் ஃபேனுக்கும். கீழே இருப்பது ஏசிக்கு மட்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டிருக்கும், பூஜ்யத்தில் வைத்தால் எதுவும் கிடையாது. வீடு கட்டினபோது எல்லாவற்றையும் அவரே வயரிங் செய்தார். எனக்கு வேறு பாடம் எடுத்தார். ஃபேன் நின்றதும் யோசித்துக்கொண்டு நிற்காதே, முதலில் கீழ்க் குமிழ், அப்புறம் மேல் குமிழ் என்று. ஏன் கீழ்தான் முதலில் என்று கேட்டதற்கு ஒரு காரணம் சொன்னார், அது மறந்துவிட்டது, கை மட்டும் மறக்கவில்லை. கையில் சாம்பார்க் கரண்டியோடு வந்துகூடத் திருகியிருக்கிறேன். இப்போது கீழ்க் குமிழ் பூஜ்யத்தில் நிற்கிறது. மேல் குமிழ் இரண்டில். தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கிறது. நான் செய்ய வேண்டியது, யாரும் வந்து கீழ்க் குமிழைத் தொடாமல் பார்த்துக்கொள்வது. யார் வரப்போகிறார்கள்? மகள் பூங்கோதை ஓசூரில் இருக்கிறாள். கீழ்வீடு காலி. இந்த வீட்டில் கை என்று இருப்பது என்னுடைய இரண்டும் அவருடைய இரண்டும்தான், அவருடையது வெளியே இருக்கிறது. அப்படியானால் யாரிடமிருந்து யாரை நான் காவல் காக்கிறேன்?

அது மட்டுமில்லை, ம் வேறு கொட்ட வேண்டுமாம். நான் அவரோடு பேசுவதில்லை என்பது அவருக்குத் தெரியும். மாசி மாதத்திலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. சோறு வைத்திருக்கிறது என்பதைச் சுவரிடம் சொல்வேன், கேஸ் வந்திருக்கிறது என்பதை வாசற்படியிடம் சொல்வேன், அவர் கேட்டுக்கொள்வார். ஆரம்பத்தில் அவர் பேசிப் பார்த்தார், அப்புறம் அவரும் விட்டுவிட்டார். இன்றைக்குக் கிளம்பும்போது என் முன்னால் வந்து நின்று, என் முகத்தைப் பார்க்காமல் குமிழைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இங்கன நில்லு. நான் அங்கன இருந்து எதையாச்சும் பேசிக்கிட்டே இருப்பேன். நீ ம் கொட்டணும். ம் வரலைன்னா நீ நிக்கலைன்னு அர்த்தம், நான் கைய எடுத்துருவேன்." கம்பத்தில் ஏறுகிறவனுக்குக் கீழே நிற்கிறவன் அப்படித்தான் குரல் கொடுத்துக்கொண்டே இருப்பானாம், லைன் வேலையில் அது வழக்கமாம். எத்தனையோ லைன்மேன் பெண்டாட்டிகளோடு பழகியிருக்கிறேன், தீபாவளிக்குப் பலகாரம் மாற்றிக்கொண்டிருக்கிறேன், ஒருத்திகூட இப்படி ஒன்று சொன்னதில்லை. நேற்று ராத்திரி உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்த வழக்கமாக இருக்கும். கதை சொன்னால் ம் கொட்ட வேண்டும், ம் கொட்டினால் கேட்கிறேன் என்று ஆகும், கேட்டால் பேசின மாதிரி ஆகும். அப்படி என்னை வளைத்துப் பிடிக்கிறாராக்கும். ஆனால் ம் என்பது பேச்சாகாது. நான் அதை நன்றாக யோசித்து வைத்திருக்கிறேன். மாடுகூடத்தான் ம் என்கிறது. வாயைத் திறக்காமல் வருகிற சத்தம் பேச்சில் சேராது.

"சைடு மூடியக் கழட்டுறேன்." ம். "ஸ்க்ரூ எல்லாம் துருவேறிக் கெடக்கு." ம். துருவேறாமல் என்ன செய்யும். இந்த ஏசியே முதலில் தானாகக் கெட்டதா என்று எனக்குச் சந்தேகம். பூங்கோதை வாங்கிக் கொடுத்த ஏசி, அம்மாவுக்கு என்று சொல்லித்தான் கொடுத்தாள். மாசியிலிருந்து அவர் ஹாலில் படுக்கிறார், நான் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு ஏசியில் படுக்கிறேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. போன வாரம் அவர் ஏதோ தண்ணீர் ஒழுகுகிறது என்று பால்கனிப் பக்கம் போய்க் குனிந்து பார்த்தார். ஒழுகவேயில்லை, நான் போய்ப் பார்த்தேன். மறுநாள் ஏசி உறுமுகிறது, காற்று வருகிறது, குளிரவில்லை. வெளிப்பெட்டி ம்ம்ம் என்று முனகிவிட்டு நின்றுபோகிறது. உடனே இவர் வாயிலிருந்து, கெப்பாசிட்டர், மோட்டாரைக் கிளப்பிவிடுகிற டப்பா போச்சு என்று வந்துவிட்டது. டாக்டருக்குக்கூட அவ்வளவு சீக்கிரம் வராது. மெக்கானிக்குக்குப் போன் பண்ணினால் சீசன், அடுத்த வாரம்தான் வர முடியும் என்றானாம். இவர்தான் பேசினார், அவன் என்ன சொன்னான் என்று யாருக்குத் தெரியும். டவுன் ஹால் ரோட்டுக்குப் போய்ப் புதுசாக ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். உள்ளே வேகிறது, ஹாலில்தான் காற்று, அப்படியாவது ஹாலில் வந்து படுப்பாள் என்று கணக்குப் போட்டிருப்பார். நான் வேர்வையில் ஊறினேன், கதவைத் திறக்கவில்லை. வைராக்கியம் என்றால் எனக்கும் தெரியும். நான் வரவில்லை என்றானதும் இப்போது ரிப்பேர் பண்ணுகிற வேஷம். கெடுத்ததும் அவராக இருக்கலாம், சரிபண்ணுகிறதும் அவர், நடுவில் நான் ம் கொட்டுகிறேன்.

"இதுல ஒரு விஷயம் இருக்கு தவமணி. கரண்ட நிப்பாட்டுனாப் போதாது. நிப்பாட்டுன பெறகும் இந்த டப்பாவுக்குள்ள கொஞ்சம் நிக்கும். தெரியாமத் தொட்டா ஆளத் தூக்கி எறிஞ்சிரும். மொதல்ல அத எறக்கணும்." ம் என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்தினேன். ஜாடை. சத்தியமாக ஜாடை. யாருக்குள்ளே நிற்கிறதாம்? எதை இறக்க வேண்டுமாம்? சுவருக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்துகொண்டு கெப்பாசிட்டர் பெயரில் எனக்குப் புத்தி சொல்கிறார். "தவமணி?" சரி, ம். ம் என்று கொஞ்சம் அழுத்தியே சொன்னேன், எனக்கும் ஜாடை புரியும் என்று தெரியட்டும். பட்டென்று ஒரு சத்தம் கேட்டது, பட்டாசில் ஒரு ஒற்றைவெடி மாதிரி. போர்டை விட்டு நான் ஒரு எட்டு எடுத்து வைத்துவிட்டேன். அப்புறம் அவர் குரல் வந்தது, எறங்கிருச்சு என்று. அவர் குரல் வந்ததும் எனக்கு ஒரு ஆசுவாசம் வந்தது பாருங்கள், அதன் மேல்தான் எனக்குக் கோபம். இந்த ஆளுக்கு என்ன ஆனால் எனக்கென்ன என்று மாசியிலிருந்து என்னை நானே பழக்கிக்கொண்டு வருகிறேன். ஒரு பட்டுக்கே கால் இப்படிக் கிளம்புகிறது.

என்ன ஆனால் எனக்கென்ன என்பதும் சும்மா சொல்கிறதில்லை. மாசியில் என் தம்பி வீரணன் செத்த அன்றைக்கு இவர் செய்ததை வேறு யாராவது செய்திருந்தால் நான் அந்த வீட்டுத் தண்ணீரைக்கூடக் குடிக்க மாட்டேன். சின்னமனூரில் அவன் விடியும்போதே போய்விட்டான், மாரடைப்பு. இவருக்குத்தான் போன் வந்திருக்கிறது. நான் எழுந்து வரும்போது இவர் குளித்து, சட்டை போட்டு, அடுப்படியில் இட்லி அவித்துக்கொண்டிருந்தார். இவர். இட்லி. நான் என்ன அதிசயம் என்று சிரித்தேன், சிரித்தேனே, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் என் வாயைக் கிள்ளத் தோன்றுகிறது. தட்டில் வைத்து, இன்னொன்று, இன்னொன்று என்று பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்தார். என் தம்பி அங்கே கட்டையாகக் கிடக்கிறான், நான் சட்னி தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் மொட்டை மாடிக்குப் போனார், வந்தார், போனார். வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான், வீரணனுக்கு உடம்பு முடியலையாம், போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்றார். பஸ்ஸில் வழியெல்லாம் நான் அவனுக்கு என்ன வாங்கிப் போகலாம் என்று கேட்டுக்கொண்டு வந்தேன். தேனியில் இறங்கி சாத்துக்குடி வாங்கினேன். தெருமுனையில் திரும்பும்போது தெரு ஈரமாக இருந்தது. வாசல் கழுவி, வீடு கழுவி, பொம்பளைகள் தலைமுழுகி ஈரச் சேலையோடு நின்றார்கள். வெள்ளிக்கிழமை, விடிந்தால் சனி, வைத்திருக்க முடியாது என்று எடுத்துவிட்டார்கள். கையில் சாத்துக்குடிப் பையோடு நின்றேன். முகத்தைப் பார்க்கவில்லை. கூடப்பிறந்தவளுக்கு முகம் காட்டவில்லை. வீரணன் பெண்டாட்டி என்னைக் கட்டிக்கொண்டு அழுதவள், எம்புட்டு நேரந்தான் பாக்குறது மதினி, போன்ல அண்ணே வந்துக்கிட்டே இருக்கோம்னுதான் சொல்லிக்கிட்டே இருந்தாரு என்றாள். நான் திரும்பி இவரைப் பார்த்தேன். இவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழி வாங்கினார் என்று நான் அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன். பூங்கோதை கல்யாணத்தில் தாய்மாமனுக்குப் போட வேண்டிய மாலையை முதலில் சம்பந்திக்குப் போட்டுவிட்டார்கள் என்று வீரணன் மாலையைக் கழற்றிப் பந்தக்காலில் மாட்டிவிட்டுப் போனானே, அதிலிருந்து இரண்டு பேருக்கும் முகம் பார்த்துப் பேச்சில்லை. அந்தக் காந்தலை மனசில் வைத்து, அவன் முகத்தை நான் பார்க்கக் கூடாது என்று செய்தார். இதை நான் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன், எந்தப்பக்கம் பிடித்தாலும் பொருந்துகிறது. இட்லி பொருந்துகிறது, மாடிக்குப் போனது பொருந்துகிறது, போனில் வந்துக்கிட்டே இருக்கோம் என்றது பொருந்துகிறது. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று அன்றைக்கு ஒரு தடவை கேட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். வாயில்லாதவனுக்கு என்ன பேச்சு, நானும் மூடிக்கொண்டேன்.

"பழசு உப்பிப்போயிருக்கு தவமணி. மண்டைப் பக்கம் வீங்கி நிக்குது." ம். அடக்கி வைத்தால் எதுவும் உப்பத்தான் செய்யும். "கிளாம்ப்பு வர மாட்டேங்குது. இரு." உரசுகிற சத்தம் மட்டும் வருகிறது. எதிர்வீட்டு மாடியில் காயப்போட்ட சேலை ஆடுகிறது. கீழ்க் குமிழின் வெள்ளைக் கோடு பூஜ்யத்துக்கு நேராக நிற்கிறது. இத்தனை வருஷத்தில் இந்தக் குமிழை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. சின்னது. ஒரு எலுமிச்சம்பழம் அளவுகூட இல்லை. இதற்கு அந்தப்பக்கம் ஒரு மனுஷன் வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து வயரைப் பிடித்துக்கொண்டிருக்கிறான், இந்தப்பக்கம் நான். கரண்ட் வந்தால் தானாகவே ஓட ஆரம்பிக்கிற ஏசி இது, அதுவும் இவர் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது, காசு மட்டும்தான் பூங்கோதையுடையது. மெயினை இறக்காமல் என்னை நம்பி ஏன் போய் உட்கார்ந்தார்? நான் பேசாதவள். நான் ஆத்திரத்தில் இருக்கிறவள். இது அவருக்குத் தெரியும். தெரிந்தும் போய் உட்கார்ந்தால், ஒன்று பைத்தியம், இல்லையென்றால் என்னை நோட்டம் பார்க்கிறார்.

"காசிமாயனத் தெரியுமுல்ல ஒனக்கு?" என்றார் வெளியிலிருந்து. ம். தெரியும். இவரோடு லைன் வேலை பார்த்தவர், மழை ஈரத்தில் கம்பத்திலிருந்து வழுக்கி விழுந்து போனார். பூங்கோதை அப்போது கைக்குழந்தை. இதையெல்லாம் இப்போது எதற்கு எடுக்கிறார்? காசிமாயன் பெண்டாட்டிக்குச் சேதி சொல்ல ஆபீஸில் இவரைத்தான் அனுப்பினார்களாம். அது எனக்குத் தெரியும். தெரியாததை இப்போது சொல்கிறார். இவர் போனபோது அவள் பணியாரம் ஊற்றிக்கொண்டிருந்தாளாம். புருஷன் வேலை முடிந்து வருவான் என்று பார்த்துப் பார்த்து ஊற்றிக்கொண்டிருந்தாளாம், அவன் வந்த பிறகு சாப்பிடலாம் என்று காலையிலிருந்து அவள் வயிற்றில் ஒன்றும் இல்லையாம். வாங்கண்ணே, சூடா இருக்கு, சாப்பிடுங்கண்ணே என்று தட்டில் வைத்து நீட்டியிருக்கிறாள். ம் என்றேன், என்னை அறியாமல். இவருக்குச் சொல்ல வாய் வரவில்லையாம். தட்டை வாங்கிக்கொண்டாராம்.

"தின்னுட்டேன் தவமணி. தட்டுல இருந்தது அம்புட்டையும் தின்னுட்டேன். தின்னு முடிச்சிட்டுத்தேன் சொன்னேன்."

ம் வரவில்லை எனக்கு. வந்தது என்று நினைக்கிறேன், சத்தம் வந்ததா என்று தெரியவில்லை. தவமணி என்றார், ம் என்றேன். அவள் அழவேயில்லையாம் முதலில். வெறும் தட்டைப் பார்த்தாளாம், இவரைப் பார்த்தாளாம், தின்னுட்டா சொல்றீக, அண்ணே என்றாளாம். அப்புறம் நாள் கணக்காகப் பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லையாம் அவளுக்கு. ஏற்கெனவே வெறும் வயிறு. பாயோடு பாயாகக் கிடந்து, குளுக்கோஸ் ஏற்றித்தான் தூக்கி நிறுத்தினார்களாம். இவர் போய் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிடுவாராம். "அதுக்கப்பறம் வேற எவன் வீட்டுக்கும் சேதி சொல்லப் போனதில்ல நான். போன்னு ஆபீசுல சொன்னா லீவு போட்டுருவேன். ஒன்கிட்ட வயித்து வலின்னு சொல்லுவேன்." வயிற்று வலி. நான் சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்திருக்கிறேன். கதை கட்டுகிறார். நல்ல கதை, தயார் பண்ணிக்கொண்டு போய் உட்கார்ந்திருக்கிறார், அதற்குத்தான் ம், அதற்குத்தான் மெயின் வேண்டாம், அதற்குத்தான் மாவு. என்னை நகர முடியாமல் இங்கே ஒரு குமிழில் கட்டிப்போட்டுவிட்டு அங்கிருந்து கதை சொல்கிறார். ஆனால் இட்லி. இட்லி அவித்தாரே. வெறும் வயிற்றில் கேட்கக் கூடாது என்றா அவித்தார்? இன்னொன்று, இன்னொன்று என்று வைத்தது அதற்கா? சாப்பிட்டு முடித்த பிறகு சொல்லலாம் என்று வைத்திருந்து, முடித்த பிறகும் வாய் வராமல்தான் மாடிக்குப் போனாரா? பயமா? இந்த மனுஷனுக்கா? கம்பத்து உச்சியில் நின்று பீடி பிடித்த மனுஷனுக்கா? நான் மாசியிலிருந்து அடுக்கி வைத்திருக்கிறேன், பழி என்று, ஒன்றும் பிசகாமல் பொருந்தி நிற்கிறது, இப்போது அதே இட்லி, அதே மாடி, அதே போன், இந்தப் பக்கமும் பொருந்துகிறது. எது நிஜம்? பயந்து போனவன் என்றால் நான் யாரை வெறுப்பது? பயந்தாங்கொள்ளி, அதற்காக என் தம்பி முகத்தை நான் பார்க்காமல் போவதா, பழி வாங்கியிருந்தால்கூட ஒரு கணக்கு இருந்திருக்கும், இது என்ன, ஒன்றுமில்லாத ஒரு பயத்துக்கு.

"அன்னிக்கு மாடிப்படியில ஒக்காந்து, இப்பச் சொல்லிருவோம், இப்பச் சொல்லிருவோம்னுதேன்..." என்றார்.

ஃபேன் நின்றது. அவர் வாக்கியத்தை முடித்தாரா என்று தெரியவில்லை. தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த காற்று நின்றதும் வேர்வை சட்டென்று கழுத்தில் இறங்கியது, பேஸ் போய்விட்டது, அவ்வளவுதான் தெரியும். விரல் நுனியில் குமிழின் வரிவரியான விளிம்பு தட்டுப்பட்டது. வழவழப்பாகத் தேய்ந்த இடம், என் கை தேய்த்த இடம். கீழ்க் குமிழ். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடித்தாகிவிட்டது, பூஜ்யத்திலிருந்து அது நெகிழ்ந்துவிட்டது, ஒன்றில் போய் டக்கென்று விழுகிறதற்கு முன்னால் ஒரு இறுக்கம் வருமே, அந்த இறுக்கத்தில் நிற்கிறது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். என் கையைத்தான். வேறு யாரோ நீட்டிய கை மாதிரி வளையலோடு நீண்டிருந்தது. எடுக்கச் சொன்னேன், அது எடுக்கவில்லை, ஒரு நொடிதான், அந்த ஒரு நொடி அது எடுக்கவில்லை. பிறகு சூடு பட்டது போல இழுத்துக்கொண்டேன். குமிழ் தானாகப் பூஜ்யத்துக்கே திரும்பி விழுந்தது. எவ்வளவு சின்னச் சத்தம்.

வெளியே ஒன்றும் கேட்கவில்லை. உரசுகிற சத்தம் இல்லை. குரல் இல்லை. எதிர்மாடிச் சேலைகூட ஆடவில்லை. கரண்ட் அவரைத் தொட்டுவிட்டதா? ஒன்றில் விழாமலேயே பாய்ந்துவிட்டதா? எனக்கு இந்த வயரிங் என்ன தெரியும். ஈரத் தெரு வந்து நின்றது கண்ணுக்குள். இந்த வாசலையும் கழுவுவார்கள். நான் மாசியிலிருந்து பேசாமல் இருந்ததுதான் இவரோடு கடைசியாகப் பேசியது என்று ஆகும்.

"ஏங்க," என்று கத்தினேன். "ஏங்க, கைய எடுங்க. உள்ள வாங்க. கைய எடுங்க."

பால்கனிக் கம்பி கிரீச்சிட்டது. பெட்ரூம் வழியாக நடந்து வந்தார், பனியன் முழுக்க அழுக்கு, ஒரு கையில் ஸ்க்ரூ டிரைவர், இன்னொரு கையில் அந்தப் பழைய டப்பா. என் முகத்தைப் பார்த்தார், குமிழைப் பார்த்தார், தலையைத் தூக்கி நின்ற ஃபேனைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"நீ ம் சொல்லலைல்ல," என்றார். "அப்பவே எடுத்துட்டேன்."

அப்படியானால் அது நிஜ வழக்கம்தான். காலமெல்லாம் அந்த ஒரு ம்முக்குக் காதைக் கொடுத்துத்தான் பிழைத்து வந்திருக்கிறார். நான் கதவில் சாய்ந்துகொண்டேன். "என் கை போச்சு," என்றேன். "நான் திருகப் போயிட்டேன்." "பழக்கம், நான்தானே பழக்கினேன், கீழதான் மொதல்லன்னு," என்று அவர் சாதாரணமாகச் சொல்லி, டப்பாவை என்னிடம் நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். மண்டை உண்மையிலேயே வீங்கித்தான் இருந்தது, யாரும் கையால் அப்படி வீங்க வைக்க முடியாது. இன்னும் சூடாக இருந்தது. பழக்கம்தானா என்று அவரைக் கேட்க வேண்டும்போல இருந்தது. அந்த ஒரு நொடி எடுக்கச் சொல்லியும் எடுக்காமல் நின்றதே, அதுவும் பழக்கமா? இதுவரைக்கும் அவரைச் சந்தேகப்பட்டது ஒரு பக்கம். என் கையை எப்படி விசாரிப்பது? அதனிடம் கேட்டால் அதுவும் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அவர் என்னைக் கேட்கவில்லை. கேட்காமல், துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, புதுசை எடுத்துக்கொண்டு மறுபடியும் பால்கனிப் பக்கம் நடந்தார். மூணு வயர் சொருகணும், அம்புட்டுத்தேன், நில்லு என்றார். நில்லு என்கிறார். இப்போது பார்த்ததற்குப் பிறகும் என்னை அங்கேயே நிற்கச் சொல்கிறார்.

"இருங்க," என்றேன். போய் மெயினை இறக்கினேன். நானே, இரண்டு கையாலும். ஃபிரிட்ஜ் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. வீட்டில் ஓடுகிறது என்று ஒன்றும் இல்லை. மாவு புளித்தால் புளிக்கட்டும், நாளைக்குப் புளித்த தோசை சாப்பிடட்டும். அவர் கம்பியைத் தாண்டி இறங்கினார். இனிமேல் யாரும் எங்கேயும் காவல் நிற்க வேண்டியதில்லை, யாரும் ம் கொட்ட வேண்டியதில்லை. நான் பெட்ரூமுக்குள் வந்தேன். பால்கனிக் கதவோரம் தரையில் உட்கார்ந்தேன், அங்கிருந்து பார்த்தால் அவர் முதுகு தெரிகிறது, நனைந்த பனியனுக்குள் முதுகெலும்பு தெரிகிறது. இளைத்திருக்கிறார். மாசியிலிருந்து நான் இவரைப் பார்க்கவேயில்லை போலிருக்கிறது. கோபம் போய்விட்டதா என்றால் இல்லை. முகம் பார்க்காதது பார்க்காததுதான், அதை யாரும் எனக்குத் திருப்பித் தர முடியாது, பயந்தவனும் தர முடியாது. ஆனாலும் அந்த வீங்கின டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது வாய் தானாகத் திறந்தது.

"வீரணனுக்குப் புருவத்துல ஒரு தழும்பு உண்டு, தெரியுமா ஒங்களுக்கு?"

அவர் கை நின்றது. திரும்பவில்லை. "ம்," என்றார்.

"சின்னப் புள்ளைல நான்தேன் தள்ளிவிட்டேன். அம்மிக் கல்லுல போயி விழுந்தான். அப்பா கேட்டதுக்கு, தானா விழுந்தேன்னு சொல்லிட்டான்."

"ம்."

வயர் ஒன்று சொருகுகிற சத்தம் கேட்டது. நான் மேலே சொன்னேன். அவன் பம்பரம் விட்டதைச் சொன்னேன், என்னைப் பெண் பார்க்க வந்தபோது இவருடைய செருப்பை அவன் ஒளித்து வைத்ததைச் சொன்னேன், தேனியில் வாங்கின சாத்துக்குடியை அன்றைக்கு யாரிடம் கொடுத்தேன் என்று எனக்கு ஞாபகமே இல்லை என்பதைச் சொன்னேன். சொருக வேண்டியதைச் சொருகி முடித்துவிட்டார் என்று தெரிந்தது. மூடியை எடுத்துப் பூட்டாமல், ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வெயிலிலேயே உட்கார்ந்திருந்தார். நான் நிறுத்தின இடத்திலெல்லாம் ம் என்றார்.